வானவில், மின்னல், மாமா

மாமாவுக்கு ராத்திரி நியூஸ்னா சாமி கும்பிடுற மாதிரி. அது தெரிஞ்சும், நியூஸ் தொடங்குற நேரத்துக்கு டிஷ் பாக்ஸைக் கழட்டிட்டு ராஸ்பெரி பை 3-ங்கற குட்டிக் கம்ப்யூட்டரைச் சொருகின நம்ம சின்னவனைப் போல தைரியசாலி கொட்டகலை முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டான்.

அதை ஓட்டுற லினக்ஸ் சிஸ்டம் சலிச்சுப் போச்சாம், ரிஸ்க் ஓஎஸ்ங்கற வேற சிஸ்டம் வேணுமாம். 1987-ல கேம்பிரிட்ஜ் ஏகோர்ன் கம்பெனி ஆர்க்கிமிடீஸ் கம்ப்யூட்டருக்குச் செஞ்சதோட வாரிசு அது. பையை ஓட்டுற ஏஆர்எம் வகை சிப்பும் அதே கம்பெனியில பொறந்ததுதான்.

போட்டதும் திரை முழுக்க வானவில். அப்படியே நிக்குது. "மழைக்கு டிஷ் திரும்பிருச்சு"ன்னு மாமா குடையோட தகரத்து மேல ஏறிட்டார்.

வானவில் வந்துட்டா டீவியையும் டீவி வயரையும் சந்தேகப்படவே வேணாம். ராஸ்பெரி பையில முதல்ல முழிக்கிறது கிராஃபிக்ஸ் சிப். அது மெமரி கார்ட்ல இருக்குற ஸ்டார்ட்.எல்ஃப் ஃபைலை ஓட்டி, கலரைக் காட்டிட்டு, அப்புறம்தான் சிஸ்டத்தோட மூல ஃபைலான கர்னலைத் தேடும். பச்சை லைட் நாலு தரம் மினுக்கினா ஸ்டார்ட்.எல்ஃப்பே இல்ல, ஏழு தரம்னா கர்னல் இல்ல. இங்க ஏழு. திரையைச் சுத்திக் கறுப்பு ஓரம் விழக் கூடாதுன்னு, டிசேபிள்_ஓவர்ஸ்கேன்=1 இருந்த லினக்ஸோட செட்டிங் ஃபைல் கன்ஃபிக்.டிஎக்ஸ்டி-யைத் தூக்கி ரிஸ்க் ஓஎஸ்ஸோடது மேல போட்டிருக்கான் சின்னவன். கர்னல்=ரிஸ்க்ஓஎஸ்.ஐஎம்ஜி-ங்கற வரி அதோட காலி. அந்த வரி இல்லேன்னா பை தன் பாட்டுக்கு கர்னல்7.ஐஎம்ஜி-யைத் தேடிக்கிட்டுக் கிடக்கும்.

மேலருந்து "இப்ப வருதா?" "இல்ல மாமா!" "இப்ப?" இதுக்குள்ள லேப்டாப்ல கார்டைப் போட்டு அந்த வரியை எழுதி, திரும்பச் சொருகினா டெஸ்க்டாப். "வந்துருச்சு!"ன்னு கத்திட்டான் பாவிப்பய. மாமா டிஷ்ஷை அந்த இடத்துலேயே இறுக்கிட்டு, மார்பை நிமித்திக்கிட்டு இறங்கினார்.

உட்கார்ந்தா திரை மூலையில மஞ்சள் மின்னல். "டீவியே சொல்லுது பாரு, இடி விழப்போகுது!" பிளக்கையே புடுங்கிட்டார். வோல்டேஜ் 4.63-க்குக் கீழ போனா வர்ற அடையாளம் அது. போர்டுல சிவப்பு லைட்டும் அணையும். பை 3-க்கு 5 வோல்ட், 2.5 ஆம்பியர் வேணும். சார்ஜர் மேல என்ன அச்சடிச்சிருந்தாலும், நூல் மாதிரி வயர் போட்டா வழியிலேயே வோல்டேஜ் விழுந்துரும். கடைக்காரங்க அதை "ஒரிஜினல்"னு விக்கிறாங்க பாருங்க, அதுக்குத்தான் இடி விழணும்.

தடிச்ச வயர் மாத்தினப்புறம் மெனு எங்கேன்னு சின்னவன் ரைட் கிளிக்கா அடிச்சுத் தள்றான். ரிஸ்க் ஓஎஸ்ல மெனு நடு பட்டன்ல. "குடு இங்க"ன்னு மாமா மவுஸை வாங்கி, சக்கரத்தை ஒரே அமுக்கு. வந்துருச்சு!

டிஷ்காரர் ஹட்டன்ல இருந்து ஞாயித்துக்கிழமைதான் வருவாராம். மாமா கவலைப்படல. எஃப்12 தட்டி, பேசிக்னு அடிச்சு அந்தப் புரோகிராம் மொழியைத் திறந்து, அத்தையோட சம்பளத் துண்டை வச்சுக்கிட்டு பிரிண்ட் போட்டுக் தேயிலைக் கொழுந்துக் கிலோவைக் கூட்டிப் பார்க்கிறார். சாக்குக்கு, ஈரத்துக்குன்னு தோட்டத்துல கழிச்ச கணக்கு எங்கேயோ இடிக்குதாம்.