சித்திரம் எடுக்கிற தம்பி தங்கைகளுக்கு: முதலில் ஒரு போத்தலை வெட்டுங்கள்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்துவிட்டது. சித்திரத்துக்கு ஏ. கணிதத்துக்கு என்ன வந்தது என்று இங்கே சொல்லப் போவதில்லை, அதை விசாரிக்க வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களே போதும். "சித்திரம் லேசான பாடம்தானே, அதில ஏ எடுக்கிறது பெரிய விசயமோ?" என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு செம்பை முன்னால் வைத்து, வாயும் அடியும் பொருந்தக் கீறிக் காட்டட்டும், பிறகு கதைப்போம்.

எங்கள் பாடசாலையில் இருந்த சித்திர ஆசிரியர் நான் தரம் 10க்கு வந்த நேரம் இடமாற்றத்தில் போய்விட்டார். பதிலுக்கு யாரும் வரவில்லை. வன்னியில் படிக்கிறவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. ரியூஷன் போகலாம் என்றால் ஒட்டுசுட்டான் பக்கம் கொட்டில் போட்டு நடக்கிற வகுப்பெல்லாம் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம்தான். பாடத்தை மாற்று என்று சொன்னார்கள். மாற்றவில்லை. எனக்குப் படிப்பித்தது பெரியம்மாவும், சந்தியில் பெயர்ப்பலகை எழுதுகிற ஒரு அண்ணாவும்.

பெரியம்மா படிப்பித்தார் என்று சொன்னால் அவரே சிரிப்பார். யூரியாப் பையில் சந்தைப் பை, பழைய சேலையில் கால்மிதி, ரயரில் பூச்சாடி, பேப்பரில் பெட்டி என்று அவர் பாட்டுக்குச் செய்துகொண்டிருப்பார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் பிள்ளை வளர்த்த ஆள், எதையும் எறிய மனம் வராது. இடம்பெயர்ந்த காலத்துத் தறப்பாளைக்கூட இன்னும் மடித்து வைத்திருக்கிறார். நான் ஒரு இடத்தில் இருந்து புத்தகம் பார்க்கிற ஆள் இல்லை, அதனால் அவரோடு கூட இருந்து வெட்டுவதும் ஒட்டுவதுமாகப் பொழுது போனது. அதுதான் என் பரீட்சைத் தயாரிப்பு. இருந்து மனப்பாடம் செய்யக்கூடியவர்களுக்கு இந்தக் கட்டுரை அவ்வளவு உதவாது.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

போத்தல்

இரண்டாம் வினாத்தாளில் முன்னால் என்ன பொருட்கூட்டம் வைத்தாலும் அதில் உருளையாக ஒன்று இருக்கும் என்று நம்பிப் போங்கள். பானையோ, போத்தலோ, ரின்னோ, ஏதோ ஒன்று. அதன் வாயை எல்லோரும் ஓரளவு கீறிவிடுவார்கள். அடியில்தான் பிடிபடுவார்கள். பொருள் மேசையில் தட்டையாக இருக்கிறது என்று மனம் சொல்லும், கை நேர்கோடு போட்டுவிடும். பிறகு எவ்வளவு வடிவாக நிறம் பூசினாலும் பானை இருக்காது, மிதக்கும்.

இதற்கு நான் கண்ட ஒரே மருந்து: ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலை எடுத்து வளையம் வளையமாக வெட்டுங்கள். ஒரு வளையத்தைக் கண்மட்டத்தில் படுக்கையாகப் பிடியுங்கள். வெறும் கோடுதான் தெரியும். மெல்லக் கீழே இறக்குங்கள். கோடு வாயைத் திறக்கும். இறக்க இறக்க இன்னும் வட்டமாகும். அவ்வளவுதான் சூத்திரம். கண்ணுக்குக் கீழே இருக்கிற பொருளில் வாயைவிட அடி அதிகமாக வளைய வேண்டும், ஏனென்றால் அடி கண்ணிலிருந்து இன்னும் கீழே இருக்கிறது. இன்னொன்று, அந்த நீள்வட்டத்தின் இரண்டு பக்க ஓரமும் கூராக வராது. வளையத்தைக் கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள், எந்தப் பக்கத்தில் பார்த்தாலும் ஓரம் வளைந்துதான் திரும்பும். வழிகாட்டிப் புத்தகங்களில் இதற்கு அம்புக்குறி போட்ட படம் இருக்கும். அதைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, கத்தரிக்கோல் பிடித்தபிறகுதான் விளங்கியது.

வெட்டிய போத்தலை எறிய வேண்டாம். அடிப்பாதியின் விளிம்பைச் சூடான அயன் பெட்டியில், நடுவில் ஒரு பேப்பர் வைத்து, மெல்ல அழுத்திச் சுற்றினால் விளிம்பு உள்ளே சுருண்டு மழுங்கிவிடும். கையை வெட்டாத பென்சில் கூடு தயார். சூடு குறைவாகவே இருக்கட்டும், இந்தப் போத்தல் 70, 80 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கிவிடும். அதே காரணத்தால் சுடுதண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

பேப்பர்ப் பெட்டியும் ரின்மீன் பேணியும்

ஒளி நிழலுக்கு இந்த இரண்டும் போதும். பழைய பேப்பரைக் கிழித்து ஊறப்போட்டு, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து அம்மியில் அரைக்க வேண்டும். வெந்தயத்தில் வருகிற வழுவழுப்புத்தான் பசை, அதன் கசப்புக்குப் பூச்சியும் கிட்ட வராது. ஒரு சட்டியைக் கவிழ்த்து, மேலே ஈரத்துணி போட்டு, கூழை ஒரு விரல் மொத்தத்துக்கு அப்பி நிழலில் விடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். பாதி காய்ந்ததும் சட்டியைக் கழற்றிவிட்டு முழுக்கக் காயவிடலாம். பெரியம்மா அதில் மிளகாய், உள்ளி போட்டு வைப்பார்.

நான் அதற்கு நிறம் பூசுவதற்கு முன்னமே வாங்கிக்கொண்டு போய் யன்னலோரம் வைத்துவிடுவேன். மினுக்கம் இல்லாத சாம்பல் நிறம் என்பதால் வெளிச்சம் விழுகிற பக்கம், மங்குகிற இடம், இருட்டு, தரையில் விழுகிற நிழல் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். பக்கத்தில் கழுவிய ரின்மீன் பேணியை வையுங்கள். அதில் இந்தப் படிமுறை எதுவும் இருக்காது, இருட்டுக்குப் பக்கத்திலேயே பளிச்சென்று வெள்ளை நிற்கும். நீர்வண்ணத்தில் அந்த வெள்ளை, பூசாமல் விட்ட தாள்தான். பிறகு வெள்ளை அப்பிச் சரிசெய்யலாம் என்று நினைத்தால் நரைத்துப் போகும்.

பெயர்ப்பலகை அண்ணா சொன்னது

ஒருநாள் பிடி வைத்த கோப்பையைக் கீறிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் பிறஸைக் கீழே வைக்காமலே, "தங்கச்சி, பிடியைக் கீறாதை. பிடிக்குள்ள தெரியிற வெளியைக் கீறு" என்றார். செய்து பாருங்கள், பிடி தானாக வந்து நிற்கும். எழுத்துக்கும் அதுதான். சுவரொட்டி மாதிரி ஏதும் கீறுகிறவர்கள் எழுத்தின் அகலத்தை அளக்காமல் இரண்டு எழுத்துக்கு நடுவில் இருக்கிற வெள்ளையைப் பாருங்கள். 'ப'வுக்கும் 'ட'வுக்கும் நடுவில் விடுகிற இடத்தை 'ர'வுக்குப் பக்கத்தில் விட்டால் சொல் உடைந்து தெரியும். அவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவர் இல்லை, வெயிலில் ஏணியில் நின்று பழகியது.

யூரியாப் பை

அலங்கார வடிவமைப்பு எடுக்கிறவர்களுக்கு மட்டும். பையை நன்றாகக் கழுவி, உள் பொலித்தீனை நீக்கி, வேண்டிய அளவில் கீலமாக வெட்டி ஓரத்தை மெழுகுதிரிச் சுடரில் ஓட்டினால் நூல் பிரியாது (முற்றத்தில் காற்றுப்படச் செய்யுங்கள், புகை கூடாது). பிறகு நெடுக்கு, குறுக்காகப் பின்ன வேண்டும். பின்னப் பின்ன ஒரு அலகு எப்படித் திரும்பத் திரும்ப வருகிறது, ஒரு வரியை ஒன்று தள்ளித் தொடங்கினால் முழுக் கோலமும் எப்படி மாறுகிறது என்று கைக்கே தெரியும். பரீட்சையில் தாமரையை அலகாக வைத்து அதே தள்ளலைத்தான் போட்டேன். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது பெரியம்மாவுக்குப் பைத் தட்டுப்பாடு, அரசாங்கத்தை அவர் திட்டிய காரணம் ஊரில் மற்றவர்கள் திட்டிய காரணம் இல்லை.

முதலாம் வினாத்தாள்

இதில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. கடந்தகால வினாத்தாள்களைச் செய்யுங்கள், தனியே இருந்து செய்யுங்கள். குழுவாகப் படிக்கிறோம் என்று கூடினால் கதைதான் நடக்கும். குழம்புகிறவை இவை:

- களனி விகாரை ஓவியம் சோலியஸ் மெண்டிஸ். பொரளை கோதமி விகாரை ஓவியம் ஜோர்ஜ் கீற். மாற்றி எழுதாதீர்கள்.
- 43 குழு (இலங்கையின் நவீன கலைஞர்கள் சேர்ந்த குழு), பெயரிலேயே ஆண்டு இருக்கிறது: 1943. லயனல் வென்ட், கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தெரணியகல எல்லாம் அதற்குள்.
- சீகிரியா 5ஆம் நூற்றாண்டு, காசியப்பன். பொலனறுவை கல் விகாரை 12ஆம் நூற்றாண்டு, முதலாம் பராக்கிரமபாகு.
- இசுறுமுனிய காதலர் புடைப்புச் சிற்பம். பால்மாப் பெட்டிக்குள் வருகிற வெள்ளித்தாளைத் துணிமேல் வைத்துப் பின்பக்கத்தால் பேனையால் அழுத்துங்கள், முன்னுக்கு வீங்கி வருவதைப் பார்த்தால் புடைப்பு என்றால் என்னவென்று பிறகு மறக்காது. (கல்லில் சுற்றிவரச் செதுக்கி எடுப்பார்கள், வேலை வேறு, தோற்றம் அதுதான்.)
- பொலனறுவைச் சிவன் கோவில் வெண்கலச் சிலைகள்: மெழுகில் உருவம், மேலே களிமண், சூடாக்கினால் மெழுகு உருகி ஓடும், அந்த வெற்றிடத்துக்குள் உலோகம். ஒரு அச்சில் ஒரு சிலைதான் வரும்.

பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், குப்பை பொறுக்குகிறாள் என்று யாரும் நக்கல் அடித்தால் உதவும். பிக்காசோ 1942இல் ஒரு சைக்கிள் சீற்றையும் ஹாண்டிலையும் சேர்த்து மாட்டுத்தலை செய்தார். எங்கள் வீட்டுக் கோடிக்குள் அந்த இரண்டும் கிடக்கின்றன.

கொண்டு போனவை

- வெட்டிய போத்தலின் அடிப்பாதி இரண்டு. ஒன்று பிறஸ் கழுவ, மற்றது நிறம் கலக்கிற சுத்தமான தண்ணீருக்கு. ஒன்றை மட்டும் வைத்திருந்தவர்களின் மஞ்சள் எல்லாம் சேறாகப் போனது.
- அம்மம்மாவின் பிறசர்க் குளிசை முடிந்த மட்டை. குழிக்குள் போஸ்டர் கலர் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம், ஒன்றோடொன்று கலக்காது.
- பழைய பெனியன் துண்டு. ரிசூ வேண்டாம், தாளில் பஞ்சு ஒட்டும்.
- வீட்டில் பழக, பிஸ்கற் பெட்டி மட்டையில் தாளின் நீள அகலத்துக்கு ஏற்றபடி சின்ன நீள்சதுரம் வெட்டிய சட்டம். ஒரு கண்ணை மூடி அதற்குள்ளால் பார்த்தால் பொருட்கூட்டத்தைத் தாளில் எங்கே வைப்பது என்று தெரியும். மண்டபத்தில் கைவிரல்களால் சட்டம் பிடித்தேன்.
- மாரி மழைக்குள் பரீட்சை வந்தால் நீர்வண்ணம் காயாது. பின்னணியை முதலில் மெல்லிசாகப் பூசிவிட்டு, அது இழுக்கிற நேரத்தில் துணி மடிப்பைப் பென்சிலால் திருத்துங்கள், ஈரத்துக்குப் பக்கத்தில் அடுத்த நிறத்தைக் கொண்டு போகாதீர்கள்.