பழம்புடவையில் கவந்தி தைக்கிறேன்

திருச்சி வெயிலில் ஸ்வெட்டர் பின்னி யாருக்குப் போடுவது? பின்னல் ஊசியும் கம்பளி நூலும் எனக்குப் பிடித்தமானவைதான். ஆனால் பின்னி முடித்ததை எல்லாம் ஊட்டிக்குப் போகிறவர்களுக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. க்ரோஷே கற்ற புதிதில் வீட்டில் நான் மூடாத பொருளே கிடையாது. டிவிக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று, தண்ணீர்க் கூஜாவுக்கு ஓரத்தில் மணி கோத்த ஒன்று. இன்று அந்தத் தொலைபேசியும் இல்லை, கூஜாவும் இல்லை. பருத்திப் புடவைகள் மட்டும் பீரோவின் அடித்தட்டில் தங்கிவிட்டன. கட்டிக்கொண்டு வெளியே போக முடியாத அளவுக்கு நைந்தவை. தூக்கிப் போட மனம் வராத அளவுக்கு நல்லவை. அவற்றை வைத்துத்தான் இந்த வருடம் கவந்தி தைக்க உட்கார்ந்திருக்கிறேன்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியால், முண்டகோடு பக்கத்துக் காட்டோரக் கிராமங்களில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் போர்வை அது. சித்திகள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். போர்ச்சுகீசியர்கள் அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவந்தவர்களில் பலர் தப்பித்து மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குள் புகுந்தார்கள்; அவர்களுடைய சந்ததிகள். வீட்டில் கிழிந்து போன உடுப்புகள்தான் கவந்திக்கு மூலப்பொருள். விரித்தும் படுக்கலாம், போர்த்தியும் கொள்ளலாம். தொட்டில் பிள்ளைக்குச் சின்னதாகவும் தைப்பார்கள்.

நான் இதில் மயங்கியது தைக்கும் முறையைப் பார்த்து. வழக்கமான ஒட்டுத்துணிப் போர்வை மூன்று வேலைகள் சேர்ந்தது. துண்டுகளை அளந்து வெட்டி, தையலுக்குக் கால் அங்குலம் விட்டு ஒன்றோடொன்று இணைப்பது முதல் வேலை. பிறகு நடுவில் பஞ்சு விரித்து, அடித்துணி வைத்து, மூன்றையும் ஊடுருவித் தைக்க வேண்டும். கடைசியில் சுற்றிலும் பட்டி. அந்தக் கால் அங்குலத்தில் நூலிழை பிசகினாலும் போதும், நாலு வரிசை தாண்டுவதற்குள் மூலைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் முறைத்துக்கொள்ளும். அளவுகோலும் சாக்குக்கட்டியுமாக உட்கார்ந்து கணக்குப் போடுவது ஒரு சுகம் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்ததே இந்த ஜன்மத்துக்குப் போதும்.

கவந்தியில் இந்த மூன்று வேலையும் ஒரே தையலில் முடிந்துவிடுகிறது. அடித்துணியை விரித்து, ஒரு மூலையில் முதல் துண்டை வைக்க வேண்டும். அடித்துணியின் ஓரத்தையும் துண்டின் வெளி ஓரத்தையும் உள்பக்கமாக மடித்து, மடிப்போடு மடிப்பு சேர்த்து ஓட்டுத்தையல் போட்டால் போர்வையின் விளிம்பு அப்போதே தயார். துண்டு தீரும் இடத்தில் அடுத்த துண்டு அதன் மேல் ஏறி உட்காரும். இப்படியே நாலு பக்கமும் சுற்றி வந்த பிறகு, இரண்டாம் சுற்றுத் துண்டின் மடித்த ஓரம் முதல் சுற்றின் பிசிரை மூடிக்கொள்ளும். அரை அங்குல இடைவெளியில் தையல் வரிசைகள் உள்நோக்கிச் சுற்றிக்கொண்டே போகும். துணியை இழுத்துக் கட்டும் மரச்சட்டம் வேண்டாம், குண்டூசிகூட அவ்வளவாக வேண்டாம். இணைப்பதும், அடுக்குகளைப் பிணைப்பதும், ஓரம் கட்டுவதும் அந்த ஒரே நூல்தான்.

அடித்துணிக்கு எடுத்தது நீலச் சுங்குடி. ஐந்தரை மீட்டர் புடவையை மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஆறடி நீளம். அகலம் நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒற்றைக் கட்டிலுக்குக் கச்சிதம். ஒரு பாகம் அடியில், இன்னொரு பாகம் பஞ்சுக்குப் பதிலாக நடுவில், மூன்றாவதைத் துண்டுகளுக்கு வைத்துக்கொண்டேன். சாயம் போகுமோ என்ற சந்தேகத்துக்கு உப்புத் தண்ணீர் வைத்தியம் பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. துணியை நனைத்து, வெள்ளைத் துணிக்கு இடையில் வைத்து அழுத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கறை பிடிக்க வைத்த சிவப்பு ஒன்றை ஒதுக்கிவிட்டேன். புதுப் பருத்தியானால் முன்கூட்டியே ஊறவைத்து அலசி உலர்த்திவிட வேண்டும். இல்லையென்றால் போர்வை முதல் துவையலிலேயே சுருங்கிக் கோணிக்கொள்ளும்.

நிறம் போதவில்லை என்று தெருக்கோடித் தையல்கடைக்குப் போய் வெட்டுத்துணி கேட்டேன். “எதற்கு டீச்சர், தலையணைக்குள் அடைக்கவா?” என்று கேட்டுக்கொண்டே கடைக்கார அக்கா ஒரு பை நிறையக் கொடுத்தார். அதில் பாதி பாலியெஸ்டர். மடித்து நகத்தால் கீறிப் பார்த்தால் பருத்தி அந்த மடிப்பைப் பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் கையை எடுத்ததும் விரிந்துவிடும். பனியன் துணியும் ஆகாது. அது நெய்ததல்ல, பின்னியது. கண்ணிகளால் ஆனது என்பதால் இழுத்த பக்கம் நீளும். பக்கத்தில் இருக்கும் புடவைத் துண்டு நீளாது. இரண்டும் சேர்ந்தால் அந்த இடம் தொங்கிப் போகும். ஜரிகையையும் தவிர்த்துவிட்டேன், ஊசி பட்டாலே பிரிகிறது.

நூலுக்குத் தையல் மெஷின் ரீல் மெல்லியது. வெள்ளை க்ரோஷே நூல் வாங்கிக்கொண்டேன். ஒன்றரை முழத்துக்கு மேல் கோத்தால் சிக்கு விழுகிறது. முடிச்சை மடிப்புக்குள் ஒளித்துவிட்டு, ஊசியை இழுக்காமலே நாலைந்து தையல் ஏற்றிக்கொள்ள வேண்டும்: நுனி கீழே இறங்கும்போது அடியில் இருக்கும் இடக்கை விரலில் லேசாகத் தட்டும், தட்டிய உடனே மேலே திருப்ப வேண்டும். பிறகு நடுவிரலில் மாட்டிய உலோகத் தொப்பியால் ஊசியின் பின்புறத்தைத் தள்ளினால், மூன்று அடுக்கையும் சேர்த்துக் கோத்துக்கொண்டு நூல் ‘சர்’ரென்று வரும். அரிசி நீளத்துக்குத் தையல் விழுந்தால் நன்றாக இருக்கிறது. இழுப்பதில்தான் சூட்சுமம், அதிகம் இழுத்தால் துணி கொசுவிக்கொள்ளும், விட்டால் அடுத்த துவையலில் நூல் கொக்கியாக எழும்பி நிற்கும்.

மாசியில் ஓரச் சுற்று முடிந்தது. அதுவரை எதை எங்கே வைப்பது என்று யோசித்து யோசித்துத் துண்டுகளைத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தேன். இரண்டாம் சுற்றிலிருந்து அந்த வேலையை விட்டாயிற்று. இடத்தின் அகலத்துக்கு எது சரியாக வருகிறதோ அதுதான் அடுத்தது. பச்சைக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஊதாப் பூ வரும் என்று யோசித்திருந்தால் ஒருநாளும் வைத்திருக்க மாட்டேன். இன்று போர்வையிலேயே அழகான இடம் அதுதான்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்களும் இப்படித்தான், தேய்ந்த வேலை உடுப்புகளிலிருந்து போர்வை தைத்தார்கள். 2002-இல் அவை ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவரில் ஏறின. 2006-இல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் வந்தன. அவற்றின் படங்களையும் கவந்தியையும் அருகருகே பார்க்கிறவர்களுக்கு ஆப்பிரிக்க நினைவு என்று ஒரு கயிற்றில் இரண்டையும் கட்டிவிடத் தோன்றும். எனக்கு அவசரமில்லை. குளிரும் கிழிசலும் கையில் ஊசியும் இருந்தால் உலகத்தில் எங்கேயும் இது பிறந்துவிடும் என்றே நினைக்கிறேன். வங்காளத்தில் புடவைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவும் அப்படி வந்ததுதானே.

இப்போது நடுவில் ஒரு முழ அகலத்துக்குச் சுங்குடி தெரிகிறது. ஓரத்திலிருந்து உள்ளே வர வர, மேல்துணி தையலுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடுவில் சேர்கிறது. அதனால் அங்கே வைக்கும் துண்டுகளைத் தட்டையாக இழுத்துப் பிடிக்காமல் சற்றுத் தளர்வாகவே விடுகிறேன். தையல் வரிசைகளுக்கு இடையில் துணி மெல்ல உப்பி நிற்பது இதனால்தான். இஸ்திரி போட்டு அதைக் கெடுக்கப் போவதில்லை.

நடு மூடிய பிறகு மூலைப் பூக்கள் பாக்கி. சின்னச் சதுரங்களை முக்கோணமாக மடித்து, நிறத்துக்கு ஒன்றாக அடுக்கி, நாலு மூலையிலும் தைக்க வேண்டும். அவை இல்லாத கவந்தியை அம்மணம் என்பார்களாம் சித்திப் பெண்கள். தையல்கடை அக்கா முந்தாநாள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, பேத்தியின் தொட்டிலுக்கு ஒன்று வேண்டும் என்கிறார். துணி அவருடையது, தையல் என்னுடையது என்று பேசி முடித்திருக்கிறோம். பாலியெஸ்டரை அவரே பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் பையைத் தர வேண்டும்.