பானை உடைத்தவரின் தேரடியில்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் தேரடிக்கு யாழ்ப்பாணத்தின் சமய வரலாற்றில் தனி இடம் உண்டு. ஊரார் விசரர் என்று ஒதுக்கிய செல்லப்பா சுவாமி அங்கேதான் இருந்தார்; கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களக் களஞ்சியத்தைப் பொறுப்பாகப் பார்த்துவந்த ஒருவரை 'யாரடா நீ?' என்று அதட்டியதும் அங்கேதான். அதட்டப்பட்டவர் பின்னாளில் யோகர் சுவாமி (1872–1964) ஆனார்.

கொழும்பில் நெடுங்காலம் ஏங்கிக் காத்திருந்த பதவி எனக்குக் கிடைத்தது. சில மாதங்களிலேயே அது மனத்தை நிறைக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. இனிப்புப் பெட்டிகளோடு வந்து வாழ்த்திய உறவினர்களிடம் அதை எப்படிச் சொல்வது? 'யாரடா நீ?' என்ற கேள்வி பிறந்த இடத்தில் சிறிது நேரம் இருந்து பார்த்தால் ஏதாவது பிடிபடும் என்ற எண்ணத்தில் வெள்ளவத்தையில் இரவுப் பேருந்து ஏறினேன். ஆனையிறவைத் தாண்டும்போது விடிந்திருந்தது.

சட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு ரூபாய் அர்ச்சனைச் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். விலைவாசி எங்கேயோ போய்விட்ட நாட்டில் அந்த ஒரு ரூபாய் எனக்கு எப்போதும் வியப்புத்தான். பூசை முடிந்ததும் தேரடிக்கு வந்து இருந்தேன். திருவிழாக் காலம் அல்ல என்பதால் கூட்டம் இல்லை. முச்சக்கரவண்டிக்காரர்கள் அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். கற்பூரம் விற்கும் அம்மா சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்குள் எதுவும் நிகழவில்லை. வெயில் ஏறியதுதான் மிச்சம்.

பக்கத்தில் வந்து இருந்த வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார்.

"தம்பி எவடம்?"

"கொழும்பு, ஐயா."

"அது தொழில் பாக்கிற இடம். ஊர் எவடம்?"

"அளவெட்டி."

"அளவெட்டியிலை எவடத்தை?"

"கும்பழாவளைப் பிள்ளையார் கோயிலடி."

"ஆற்றை மகன்?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன். "ஓ, இப்ப பிடிபட்டிட்டுது," என்று திருப்தியோடு எழுந்து போய்விட்டார். நான் யார் என்பதை நாலு கேள்வியில் அவர் அறிந்துகொண்டார்; அதற்காகவே ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் வந்திருந்த நான் அங்கேயே இருந்தேன். எரிச்சலாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

செல்லப்பா சுவாமி பக்குவமாகச் சமைத்து, உண்ணும் வேளையில் பானையைப் போட்டு உடைத்துவிடுவார் என்று ஒரு செய்தி வழங்கிவருகிறது. பற்றறுப்புக்கு உதாரணமாகவே அதைச் சொல்வார்கள். ஆனால் என்னை நிறுத்தியது வேறொன்று. அவர் அரிசி களையும் முன்பே பானையை உடைக்கவில்லை. விறகு மூட்டி, உலை கொதித்து, சோறு வெந்து, மணம் எழுந்த பிறகுதான் உடைத்தார். ஆசைப்பட்டது கிடைக்காமற் போனவனின் துயரத்துக்கு ஊரில் ஆறுதல் சொல்ல ஆள் உண்டு. கிடைத்த பிறகு வரும் ஏமாற்றம் அப்படியானதல்ல. உலை கொதிக்கும்வரை அது தன்னைக் காட்டாது, காட்டும்போது பழிசொல்ல எவரும் அருகில் இருப்பதில்லை.

பின்னேரம் கொழும்புத்துறைக்குப் போனேன். யோகர் ஓர் இலுப்பை மரத்தடியில் ஆண்டுக்கணக்காக இருந்த ஊர் அது. அவர் வழியில் வந்த நான்கு வாக்கியங்கள் யாழ்ப்பாணத்தில் பலருக்கும் மனப்பாடம்: ஒரு பொல்லாப்பும் இல்லை, எப்பவோ முடிந்த காரியம், நாம் அறியோம், முழுதும் உண்மை. 1981இல் நூலகம் எரிந்து, 1995இல் ஊரோடு மக்கள் பெயர்ந்த மண்ணில் முதல் வாக்கியத்தை என்னால் இன்னும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சொல்லக்கூடிய பக்குவம் உள்ளவர்களோடு எனக்கு வழக்கும் இல்லை. இரண்டாவதும் நான்காவதும் என் எட்டுக்கு அப்பாற்பட்டவை. 'நாம் அறியோம்' என்பதை மட்டும் அன்று பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது.

திங்கட்கிழமை வழமைபோல வேலைக்குப் போனேன். பதவியை விடும் எண்ணம் இல்லை.