வடிவுடையாளிடம் கேட்டது

மகளுக்கு ஜாமீன் கிடைத்தால், வெள்ளியும் பௌர்ணமியும் சேர்ந்து வரும் நாளில் மூன்று அம்மனையும் தரிசிப்பதாக என் மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிக்குத் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயல் கொடியிடையம்மன்.

மேலூரில் தரிசனம் சீக்கிரம் முடிந்தது. மீஞ்சூரில் ரயிலேறித் திருவொற்றியூரில் இறங்கினால் ஆட்டோவுக்கு இரண்டு மடங்கு கேட்கிறார்கள். பூவைக் கையில் திணித்துவிட்டு அப்புறம் விலை சொல்கிறார்கள். "வாங்க சார், அஞ்சே நிமிஷத்துல தரிசனம்" என்று ஒருவர் கையைப் பிடித்தே இழுத்தார். தாயைப் பார்க்கத் தரகர் எதற்கு? வரிசையிலேயே நின்றோம், இரண்டு மணி நேரம்.

நின்ற நேரமெல்லாம் மகள் நினைவுதான். அவள் பிளஸ் டூவில் வாங்கிய மார்க்குக்குத் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவே பிளெக்ஸ் வைத்தது. துறைமுகத்தில் 32 வருஷம் உழைத்தவன் மகள் இன்ஜினியர், தங்கப் பதக்கம், ஓ.எம்.ஆரில் வேலை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு இயக்கம் என்று போனாள். ஒப்பந்தத் தொழிலாளர் போராட்டம், சுவரொட்டி, தேர்தலே ஏமாற்று என்ற பேச்சு. ஒரு விடியற்காலையில் போலீஸ் வந்து அலமாரியைக் கலைத்துப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனது. பிளெக்ஸ் வைத்த அதே தெரு நின்று பார்த்தது. கட்டிலுக்கடியில் உருண்டு கிடந்த பதக்கத்தை மூன்று நாள் நான் குனிந்து எடுக்கவில்லை. நிச்சயித்த கல்யாணமும் நின்றுபோனது. மனுப் போட்டு ஜெயிலில் அவளைப் பார்த்துவிட்டு வந்ததெல்லாம் என் மனைவிதான். நான் போகவில்லை.

"அவள் மனசை மாற்றிக் கொடு" என்று கேட்கத்தான் வந்திருந்தேன். குருக்கள் தீபத்தை உயர்த்தினார். குங்குமத்துக்கு நடுவே அந்த முகம்! ஏழுகிணற்றிலிருந்து இவளைப் பார்க்க நடந்தே வருவார் வள்ளலார். பசியோடு திண்ணையில் படுத்துவிட்ட ஓர் இரவில் அண்ணி உருவில் வந்து அவருக்குச் சோறு போட்டவள் இவள். ஜாமீன் நிபந்தனைப்படி என் மகள் மதுரையில் யாரோ வீட்டு மாடியில் தங்கி, தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறாள். யார் போடுவார்கள் சோறு? கேட்க வந்தது நாவில் வரவில்லை. "சாப்பிட்டாளா தாயே" என்றுதான் வந்தது. பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். கண்ணைத் துடைக்கக்கூட இடமில்லை.

வெளியே வந்ததும் போனை வாங்கி நானே பேசினேன், ஆறு மாதத்துக்கு அப்புறம்.

"சாப்பிட்டியாம்மா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சாப்பிட்டேன்ப்பா. கீழ் வீட்டு அக்கா சாம்பார் சாதம் கொண்டுவந்து கொடுத்தாங்க."

அங்கேயே, அந்தக் கூட்டத்தில், கோபுரத்தைப் பார்த்து விழுந்து கும்பிட்டேன். வடிவுடையம்மா, நீதான் தாயே, நீயேதான். திருமுல்லைவாயல் போய்ச் சேர ஏழு மணி ஆனது. கொடியிடையம்மனிடம் நான் எதுவும் கேட்கவில்லை.