ஆறிப்போன காபியும் வேர்த்துப்போன கிளாஸும்

நேத்து வேலையில மூழ்கிப்போய் டேபிள்ல வச்ச காபிய சுத்தமா மறந்துட்டேன், பக்கத்துலயே ஒரு கிளாஸ் ஜில் தண்ணி வேற. மூணு நாலு மணி நேரம் கழிச்சு தொட்டுப் பார்த்தா ரெண்டும் ஒண்ணு போல இருக்கு!

தண்ணில இருந்த "ஜில்" வெளிய போயிடுச்சுன்னு சொல்லுவோம், ஆனா ஜில்லுன்னு தனியா ஒண்ணு கிடையவே கிடையாது, போறது வர்றது எல்லாம் சூடு மட்டும்தான். காபியோட மூலக்கூறுங்க வேகமா துள்ளும், வெளிய காத்துல இருக்குறது அந்த அளவு இல்ல, நடுவுல கப்போட சுவர் வழியா மோதி மோதி வேகம் கை மாறிட்டே இருக்கும். ரூம் பெருசு, அதனால அதுக்கு இது உறைக்கக்கூட செய்யாது.

1701ல நியூட்டன் தன் பேரையே போடாம ஒரு கட்டுரை வெளியிட்டாரு, சூடான பொருளுக்கும் சுத்தி இருக்குற காத்துக்கும் வித்தியாசம் எவ்ளோ அதிகமோ அவ்ளோ வேகமா ஆறும்னு. ரூம் 30 டிகிரி, காபி 90னு வைங்க. 20 நிமிஷத்துல 60க்கு வந்துச்சுன்னா அடுத்த 20 நிமிஷத்துல 30க்கு வராது, 45க்குத்தான் வரும். அப்புறம் 37.5. அந்த வித்தியாசம் பாதி பாதியா குறைஞ்சு இழுத்துட்டே போகும் (கணக்குப்படி பார்த்தா முழுசா போய் சேரவே சேராது).

நெஜத்துல இந்தக் கணக்கு அப்படியே நடக்காது, காரணம் ஆவி. 200 மில்லி காபில வெறும் 5 கிராம் தண்ணி ஆவியா போனாலே மிச்சம் இருக்குறது கிட்டத்தட்ட 14 டிகிரி இறங்கிடும். ஊதி ஊதி குடிக்கிறதும் மூடி போட்டு வைக்கிறதும் இதனாலதான், நான் ரொம்ப நாள் மூடி தூசிக்குன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

ஜில் கிளாஸ்ல இதே கதை தலைகீழா. வெளிய வேர்க்குதே, அது உள்ள இருந்து கசியல, காத்துல இருக்குற ஈரம் வந்து ஒட்டுறது. ஒட்டும்போது ஆவியா மாறுனப்போ வாங்குன சூட்டையெல்லாம் கிளாஸ்லயே எறக்கி வச்சிடும், 1 கிராம் வேர்வையே 200 மில்லி தண்ணிய 3 டிகிரி கிட்ட ஏத்திடும். ஐஸ் கெடந்தா மட்டும் அது கரையுற வரைக்கும் வர்ற சூட்டை முழுங்கிக்கும்.

இன்னொண்ணு, காத்து வறண்டு இருந்தா தெறந்து வச்ச கப் ரூமுக்கு சமமானதோட நிக்காது, ஆவி போயிட்டே இருக்குறதால ரெண்டு மூணு டிகிரி கீழயும் போகும். என் காபி அங்கதான் போயிருக்கும் போல, ஒரு வாய் வச்சேன், மிச்சம் சிங்க்ல.