மேடையில் ஊதா விளக்கு வேண்டாம்

கல்யாணப் படம் எடுக்கக் கூப்பிடுபவர்கள் எனக்கு முதலில் அனுப்புவது வண்ணங்களைத்தான். வெளிர் ரோஜா, மங்கிய தங்கம், சாம்பல் கலந்த பச்சை என்று போனில் வரிசையாகப் படங்கள் வந்து விழும். அந்த ஆசை எனக்கும் தொற்றிக்கொள்ளும். ஆனால் நான் கேட்பது வேறு: மணப்பெண் தயாராகும் அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது? மேடைக்கு விளக்கு யார் போடுகிறார்கள்? சம்பந்தமில்லாமல் கேட்பதாகச் சிலர் நினைப்பார்கள். அலங்காரத்துக்கு எவ்வளவு யோசித்தாலும் அது எந்த வெளிச்சத்தில் நிற்கப்போகிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அதை முதலிலேயே பேசிவிடுவது என் வழக்கம்.

ஜன்னலில் இருந்து தொடங்குகிறேன். மேக்கப் முடிந்து மணப்பெண் ஜன்னலோரம் வந்ததும் அறையில் எரியும் எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொல்வேன். "என்ன இப்படி இருட்டா இருக்கு" என்று தோழிகள் சொல்வார்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வோம்; எண் ஏறினால் நீலம் கூடும், இறங்கினால் மஞ்சள் கூடும். பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், குண்டு பல்பு 2700 பக்கம். நம் கண் இரண்டையும் சமாளித்துக்கொள்ளும். கேமராவால் ஏதாவது ஒன்றுக்குத்தான் ஒத்துப்போக முடியும். விளக்கு எரிந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் பதியும். அணைத்துவிட்டால் ஒரே பக்கத்திலிருந்து மென்மையாக வெளிச்சம் வந்து, மூக்கும் கண்ணிமையும் தாடையும் அழகாக எழும்பி நிற்கும்.

அப்படி ஒரு ஜன்னலோரத்தில் எடுத்த படம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மணப்பெண்ணின் கழுத்துச் சங்கிலியின் கொக்கி மாட்டவில்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அவர் விரல் பெரிது, கொக்கி கடுகளவு. "இரு, இரு, மாட்டப்போகுது" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார். இவர் தலையைக் குனிந்து, கூந்தலை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்தபடி சிரிப்பை அடக்குகிறார். தோள் மட்டும் குலுங்குகிறது. நான் 85 மில்லிமீட்டர் லென்ஸோடு அறையின் மறுகோடியில் இருந்தேன். கிட்டே போயிருந்தால் இருவரும் என்னைப் பார்த்திருப்பார்கள். போஸ் சொல்லி இதை வாங்க முடியாது. அதனால்தான் தயாராகும் நேரத்தைத் தாராளமாக வையுங்கள் என்று கெஞ்சுகிறேன். அவசரம் வந்துவிட்டால் கொக்கியை யாரோ ஒருவர் சட்டென்று மாட்டிவிட்டுப் போய்விடுவார்.

உடைக்கு வருவோம். கடையில் கண்ணாடி முன் நின்று பார்ப்பதோடு விடாதீர்கள். வாசல் வரை போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், நான்கு அடி நடந்து திரும்புங்கள். சாட்டின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒளியைத் திருப்பி அடிக்கும். நேருக்கு நேர் பிளாஷ் போட்டால் வெள்ளைத் திட்டுத்திட்டாகத் தெரியும். லேஸுக்கும் நூல் வேலைக்கும் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும், அப்போதுதான் இழையின் நிழல் விழுந்து வேலைப்பாடு புலப்படும். ஷிஃபான் பின்னால் இருந்து வெளிச்சம் வந்தால் உயிர் பெறும். எந்தத் துணி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் உங்களை எங்கே நிறுத்துவது என்று நானும் முடிவு செய்துவிடுவேன்.

விக்டோரியா மகாராணி 1840 பிப்ரவரி 10 அன்று வெள்ளை சாட்டினும் இங்கிலாந்தின் ஹானிட்டன் லேஸும் அணிந்து மணந்தார். புகைப்படத்தின் ஆரம்ப வடிவமான டாகுரோடைப் முறை உலகுக்குத் தெரியவந்தது 1839இல்தான். அந்தக் கல்யாணத்தை இன்று ஓவியங்களில்தான் பார்க்க முடிகிறது. மேற்கில் வெள்ளை மணவுடை பரவியதில் அந்த ஒரு நாளுக்குப் பெரிய பங்கு உண்டு. வெள்ளையை எடுப்பது ஆனால் லேசான வேலை இல்லை. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். வெள்ளை உடை சட்டகத்தை நிறைத்தால் ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரு மடங்காக, கூட்டி எடுக்க வேண்டும். புல்வெளியில் நின்றால் தாடைக்கு அடியில் பச்சை ஏறும் என்பதால் கல் தரைக்கு நகரச் சொல்வேன். அடர்சிவப்பு இதற்கு நேர்மாறு. சிவப்பு மட்டும் முதலில் நிரம்பி வழிந்து நூல் வேலையெல்லாம் கரைந்துபோகும், கொஞ்சம் குறைத்து எடுப்பேன்.

மேக்கப்பில் ஒன்றே ஒன்று: சிலிக்கா கலந்த சில பவுடர்கள் பிளாஷில் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். ஒத்திகை மேக்கப் போட்ட அன்றே இருட்டில் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

சரி, ஊதா விளக்கு. மண்டபத்துக்குள் நுழைந்ததும் மேடை ஊதாவில் மிதந்தால் எனக்கு நெஞ்சு பதறும். நேரில் பார்க்கக் கனவு போலத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊதா எல்இடி வெளிச்சத்தில் நீலமும் சிவப்பும் மட்டும்தான் உண்டு, நடுவில் பச்சையும் மஞ்சளும் அநேகமாக இல்லை. வராத ஒளியை முகம் எப்படித் திருப்பித் தரும்? தோலின் நிறமே போய்விடும், கேமராவின் மூலப் பதிவான ரா ஃபைலில் எவ்வளவு இழுத்தாலும் வராது. ஜோடியின் முகத்தில் அன்று பொங்கிய சிவப்பு, அழுததில் கலங்கிய கண்ணோரம், இதெல்லாம் அந்த விளக்கில் காணாமல் போகிறது. ஊதா பிடிக்கும் என்றால் பின்சுவருக்குப் போடச் சொல்லுங்கள், அழகாகவே இருக்கும். முகத்துக்கு மட்டும் 3000 கெல்வின் அளவில், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90க்கு மேல் உள்ள இதமான வெள்ளை விளக்கு. விளக்குக்காரரிடம் இந்த ஒரு வரியைச் சொன்னாலே புரிந்துகொள்வார்.

பூ அலங்காரத்தில் எனக்கு ஆசை அதிகம், புகை இயந்திரத்தில் கொஞ்சமும் இல்லை. புகை வந்த நொடியில் எல்லோரும் புகையைத்தான் பார்க்கிறார்கள். பூக்களைப் பின்னணியில் வைக்கும்போது ஜோடிக்கும் அதற்கும் நடுவே இரண்டு மீட்டராவது விடுங்கள். ஒட்டி நின்றால் ஒவ்வொரு இதழும் முகத்தோடு போட்டி போடும். தள்ளி நின்றால் நிறமாகக் கரைந்து இருவரையும் ஏந்திக்கொள்ளும். மேஜைப் பூக்கள் உட்கார்ந்திருப்பவரின் தாடைக்குக் கீழே இருக்கட்டும், அல்லது தலைக்கு மேலே எழும்பட்டும். நடுவில் இருந்தால் எதிரெதிரே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதே நின்றுவிடும். கையில் பிடிக்கும் பூங்கொத்தை இடுப்பளவுக்கு இறக்கிப் பிடியுங்கள். பதற்றத்தில் கை தானாக நெஞ்சுக்கு ஏறி உடையின் பாதி வேலைப்பாட்டை மறைத்துவிடும்.

குடும்பப் படங்களுக்குப் பெயர்ப் பட்டியல் ஒன்று எழுதி, எல்லோரையும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டால் போதும்.

இவ்வளவுக்கும் மேலே நான் பிடிவாதமாகக் கேட்பது மாலையில் அரை மணி நேரம், இருவர் மட்டும். சூரியன் தாழ இறங்கியபின் வெளிச்சம் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிட, மிஞ்சும் பொன்னிறம் பக்கவாட்டில் வந்து முகத்தில் படுகிறது. அந்த நேரத்தில் நான் எதுவும் சொல்லித்தருவதில்லை. "மெதுவா நடந்துட்டே காலையிலேர்ந்து நடந்ததைப் பேசுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளிப் போய்விடுவேன். அன்று முழுக்க அருகருகே நின்றும் பேசக் கிடைக்காதவர்கள் அப்போதுதான் பேச ஆரம்பிப்பார்கள். அப்புறம் சூரியன் மறைந்து வானம் நீலமாகும் சின்ன இடைவெளியில், மண்டபத்தின் மஞ்சள் விளக்குகள் பின்னால் எரிய இன்னும் சில படங்கள்.

ஆகவே தேதி முடிவானதும் அன்று சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்று பாருங்கள். அந்த அரை மணி நேரத்தை முதலில் குறித்துவிட்டு, மற்ற நிகழ்ச்சிகளை அதற்கு முன்னும் பின்னும் போடுங்கள்.