பெருவிரலும் நாலு மணிப் பசியும்

போன மாதம் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு என் இடது கால் பெருவிரல் தனிக்கட்சி ஆரம்பித்துவிட்டது. தக்காளி மாதிரிச் சிவந்து வீங்கி, போர்வை நுனி பட்டாலே உயிர் போய் வந்தது. ஃபேன் காத்து பட்டாலும் வலிக்கிறது என்றேன். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. மறுநாள் ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 9.2. ஆறுக்குக் கீழே வரணும் என்று மாத்திரை எழுதினார் டாக்டர். கவுட் (gout) என்ற மூட்டுவாதமாம்; ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி மூட்டில் படிகிறதால் வருகிறதாம்.

சேதி தெருவில் பரவியதும் எதிர்வீட்டு அண்ணாச்சி வந்தார். "தம்பி, பருப்பு, கடலை, சுண்டல் எதுவும் வாயில வைக்கப்படாது." போகும்போது, தூத்துக்குடியிலிருந்து மதினி கொடுத்துவிட்ட நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இது உனக்கு ஆகவே ஆகாது." அது மட்டும் உண்மை.

ஆபீஸில் நாலு மணிக்குப் பசிக்குமே! எல்லாரும் பருப்பு வடையைப் பிட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் பத்தியமாக மாம்பழ ஜூஸ் பாட்டில். பழம்தானே? தினம் ஒன்று. வெயில் கூடின நாளில் ரெண்டு.

மூணாவது வாரம் விரல் மறுபடி வீங்கியது. 9.6.

"சாயங்காலம் என்ன சாப்பிடுறீங்க?" என்றார் டாக்டர். பெருமையாகப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தார். "இதுல மாம்பழத்தை விடச் சர்க்கரைதான் ஜாஸ்தி. அதுல இருக்கிற ஃப்ரக்டோஸைக் கல்லீரல் உடைக்கும்போதே யூரிக் அமிலம் உண்டாகும். சுண்டல் என்னய்யா பாவம் பண்ணுச்சு?"

ஒரு கைப்பிடி சுண்டலோ வேர்க்கடலையோ தாராளமாகச் சாப்பிடலாமாம். கீரையும் காளானும்கூடப் பயப்படுகிற அளவுக்கு இல்லையாம். மோர், சர்க்கரை போடாத காப்பி நல்லது. ஈரல், மத்தி, கருவாடு பக்கம்தான் போகக்கூடாது.

"பீர்?"

"கல்யாணம் காட்சின்னா மட்டும் சார்."

"மாசத்துக்கு எத்தனை கல்யாணம்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

இப்போது டிபன் டப்பாவில் கொண்டைக்கடலைச் சுண்டல் போகிறது, தேங்காய்ப்பூ, மாங்காய்க் கீற்று சகிதம். வடைக்காரர்களே எட்டிப் பார்த்துக் கை நீட்டுகிறார்கள்.

நேற்று சாயங்காலம் அண்ணாச்சி ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"தம்பி, உங்க டாக்டர் எத்தனை மணி வரைக்கும் பார்ப்பாரு?"